மனை வாங்கும் முன் வைத்த நிலை

பனியன் கம்பெனிகளுக்குப் பேர்போன ஒரு ஊரின் வடக்கு ஓரத்தில், ஊத்துக்காட்டு வலசில், பாவாத்தாளுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் கடைசி வீட்டுக்குக் குடிவந்த தவசியும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளும், மனை வாங்குவதற்கு முன்பே கதவு நிலை வைத்துவிட்டார்கள். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. லைன் வீடு என்றால் ஒரே நீளச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள், மேலே சிமெண்ட் ஷீட், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு வாசல், வாசலின் அந்தப் பக்கம் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். அதில் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் பாவாத்தாளைக் கேட்க வேண்டும், ஊரிலிருந்து தம்பி வந்து இரண்டு நாள் தங்கினாலும் தண்ணீருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு வீட்டு ஆசை எங்கே பிடித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மாடி கட்டி நாலு பேருக்குக் காட்டும் ஆசை இல்லை. இதற்கு முன் வேறொரு தெருவில் குடியிருந்தபோது தவசியின் அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள், பொணத்தை ஏற்றிக்கொண்டு வண்டி வந்து வாசலில் நின்றது, அந்த வீட்டுக்காரர் இரும்புக் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, "வாடகை வீட்டுக்குள்ள பொணத்த எறக்குனா அப்பறம் எவன் குடி வருவான்?" என்று கேட்டார். அவர் ஒன்றும் பொல்லாத மனிதர் இல்லை, மாலை கூட வாங்கி வந்திருந்தார். கிழவியை வண்டிக்குள்ளேயே வைத்து, டீக்கடைக் குடத்தில் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றி, பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுது, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குத் திரும்பி வந்ததும் தவசி சொன்னான்: "ஒச்சு, என்னயவாவது நம்ம சொந்த வாசல்ல கெடத்தணும்." ஊரெல்லாம் வாழ்வதற்கு வீடு தேடும், இவன் சாவதற்கு வீடு தேடுகிறான் என்று லைனில் கேலி பேசினார்கள், பேசியவர்கள் எல்லோரும் வாடகைக்காரர்கள்தான், அவர்களுக்கும் அதே கேட்டுதான், அதே சாவிதான்.

பேங்கில் லோன் பார்க்கும் அதிகாரி நல்ல பிள்ளை, இவர்களை உட்காரச் சொல்லிப் பேசினார். "மொதல்ல வீடு பாக்கப் போகாதீங்க. மொதல்ல உங்களத் தயார் பண்ணுங்க" என்றார். சம்பளம் கையில் வாங்காமல் கணக்கில் விழ வேண்டும், வாரவட்டிக் கடன், நகைக் கடன், போன் வாங்கிய தவணை எல்லாம் அடைபட வேண்டும், வீட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கு கைக்காசாகக் கணக்கில் கிடக்க வேண்டும், அது கிடந்தால் மிச்சத்தைப் பேங்க் தரும் என்றார். அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் தவசியும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் ஒச்சம்மாளும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள்; ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது, ஷேர் ஆட்டோ நின்று நடை வந்தது, தாலிச் செயின் போய் மஞ்சள் கயிறு வந்தது, ஊர்த் திருவிழாவுக்குப் போவது நின்றது, கடைசியில் தலைவலி மாத்திரைகூடப் பாதியாக உடைந்தது.

கைக்காசு பாதி சேர்ந்திருந்தபோதுதான் ஜோசியர் குறுக்கே வந்தார். இந்த ஆவணிக்குள் நிலை வைக்காவிட்டால் தவசியின் ஜாதகத்தில் வீட்டு யோகம் கண்ணை மூடிக்கொள்ளும், திரும்ப எப்போது திறக்கும் என்று தனக்கே தெரியாது என்றார். மனையே இல்லையே என்றதற்கு, நிலைக்குத்தானே முகூர்த்தம், மனைக்கா என்று கேட்டார். எனவே இடித்த மில் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தேக்கு நிலையை மலிவாகப் பேசி வாங்கி வந்து, பாவாத்தாள் காலில் விழாத குறையாகச் சம்மதம் வாங்கி, காம்பவுண்டுச் சுவரோரம் நிறுத்தி, அடியில் நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் போட்டு, மாவிலை கட்டி, பால் தெளித்து, லைன் பெண்கள் குலவையிட, முறைப்படி வைத்தார்கள். பூசை இங்கே முடியட்டும், இடம் வாங்கியதும் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்பது கணக்கு. "அப்பிடியெல்லாம் பண்ணப்படாதுங், வச்ச எடத்துல வச்சதுதான்" என்று ஆசாரி முனகினார். வேட்டியும் தட்சணையும் கைக்கு வந்ததும் முனகலை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் நிலையை எடுத்து ஓரமாகச் சாத்திவைக்க அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு நிலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள், காம்பவுண்டுச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் பூசிய ஒரு ஹால் இருந்தது, ஹாலில் ஒரு டியூப்லைட் எரிந்தது. காம்பவுண்டைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தால் வழக்கமான சீமைக் கருவேலமும் பிளாஸ்டிக் பைகளும்தான் கிடந்தன, வீட்டுக்கு வெளிப்பக்கம் என்று ஒன்று இல்லை, உள்பக்கம் மட்டும் இருந்தது. குழந்தைகள் நாலைந்து முறை சுற்றி ஓடிப் பார்த்துவிட்டு, பசித்ததால் சாப்பிடப் போய்விட்டன.

பாவாத்தாள் வந்தாள், உள்ளே நுழைந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். "ஏம்புள்ள, கேக்காம கொள்ளாமக் கட்டடம் எழுப்பிப் போட்டீங்க. எடம் என்னுதுதான? மாசம் ஐநூறு சேத்திக் குடுத்துரு கண்ணு" என்றாள். அவள் ஆச்சரியப்படவில்லை, லைனில் யாருமே ஆச்சரியப்படவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஆச்சரியத்துக்கு எங்கே நேரம், சனிக்கிழமை சம்பளம் வருமா வராதா என்பதே அந்த வாசலில் பெரிய அதிசயம்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். சம்பளம் கணக்கில் விழுந்த மறுநாள் அந்த வீடு வளர்ந்தது, வாடகை கொடுக்கக் கணக்கிலிருந்து எடுத்தால் அந்த அளவு தேய்ந்தது. ஹாலுக்குப் பின்னால் சமையல்கட்டின் சுவர் வாராவாரம் ஒரு வரிசை செங்கல் ஏறியது, ஓவர்டைம் பார்த்த வாரம் இரண்டு வரிசை ஏறியது. இதைவிடக் கொடுமை வேறு இல்லை. நம்மில் புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டியும், பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷனும் நாலு காசு ஒளித்து வைப்பதுதான் வழக்கம், இவர்கள் சேர்த்ததோ கதவு போட்டு மறைக்க முடியாதபடி ஊருக்கே தெரிந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், காபி குடித்தபடி சுவரை அளந்தார்கள், "நீ என்ன முழு வீடா குடுக்கப் போற, இந்தச் சமையக்கட்டுல பாதி குடு, மக காதுகுத்து முடிச்சிட்டுத் தாரேன்" என்று கேட்டார்கள், கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனார்கள்.

லைன்காரர்கள் சொந்தக்காரர்களைவிட மேல், அவர்கள் காசு கேட்கவில்லை, இடம்தான் கேட்டார்கள். யாருக்கோ அரிசி மூட்டை வைக்க இடம் வேண்டியிருந்தது, யாருக்கோ தையல் மிஷின் போட, வயசுக்கு வந்த ஒரு பெண்ணைத் தனியே உட்கார வைக்க, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கு. ஆட்டோ ஓட்டும் ஜக்கையன் தன் ஸ்டெப்னி டயரையே கொண்டுவந்து ஹாலில் சாத்தினான். ஒச்சம்மாள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஹாலில் எல்லோரும் ஆணி அடித்தார்கள், கேட்பார் இல்லாமல் அடித்தார்கள், மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவர்கள்கூட ஆசைக்கு ஒரு ஆணி அடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டு மானியத்துக்கு எழுதிப் போட்டிருந்ததால் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார், நிலையைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சொந்த வீடு இருப்பவர்களுக்கு மானியம் கிடையாது என்று எழுதிக்கொண்டு போனார். சரி, சொந்த வீடு என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே, இதன் பேரிலாவது லோன் கொடுங்கள் என்று பேங்குக்குப் போனால், மதிப்புப் போட வந்தவர் பின்பக்கம் போய்க் கருவேலத்தைப் பார்த்துவிட்டு, பட்டா இல்லை, கதவு எண் இல்லை, வெளிச்சுவரே இல்லை, இப்படி ஒரு வீடே கிடையாது என்று எழுதிக்கொண்டு போனார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள், ஒருவர்மேலும் தப்பு சொல்ல முடியாது, வயிறு எரிந்தது மட்டும்தான் மிச்சம்.

தீபாவளி போனஸ் கணக்கில் விழுந்ததும், சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ளறை எழும்பியது, கம்பி போட்ட ஒரு ஜன்னலோடு. அதற்குள் தவசியின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்காகப் பனியன் பஞ்சைச் சுவாசித்த நெஞ்சு, இருமினால் நிற்காது, ஷீட் கூரைச் சூட்டில் படுத்தால் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்து, பஞ்சு வேலையை விடச் சொன்னார்கள். விட்டால் கைக்காசு எப்படிச் சேரும் என்று விடாமல் போனான், ஒருநாள் மிஷின்மேல் விழுந்தான், தூக்கி வந்தார்கள். அந்த உள்ளறையில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியதும் மூச்சு சீராக வந்தது. ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒரே வெளிச்சமாக இருக்கும், ஆனால் குளிர்ந்த காற்று வந்தது, மழைக்கு முன் வரும் காற்று. நிலையைத் தாண்டி வாசலுக்கு வந்தால் உதடு நீலம் பாய்ந்தது. திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் சரியானது. அதன்பிறகு தவசி வெளியே வரவே இல்லை.

ஒச்சம்மாள் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வைத்தியத்துக்கு எடுத்தால் அந்தக் காற்று அடிக்கும் அறை போய்விடும். நிஜ வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும் போய்விடும். சேர்த்த காசு கணக்கில் அசையாமல் கிடக்கிறவரைக்கும்தான் அவள் புருஷனுக்கு மூச்சு. ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் கஞ்சியும் பார்த்துக்கொண்டு, இரண்டு ஷிப்ட் நின்று, கால் வீங்கி, அவள் காசைக் காப்பாற்றினாள், காசு அவனைக் காப்பாற்றும் என்று நம்பினாள். ஓராளுக்குச் சமைத்து அவனுக்குக் கொடுத்துவிட்டு, தான் கம்பெனியிலேயே சாப்பிட்டதாகச் சொன்னாள்; கம்பெனியில் டீ மட்டும்தான் தருவார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

மாசிக் கடைசியில் அந்தக் காற்றும் போதவில்லை. உள்ளறையில் படுத்திருக்கும்போதே உதடு நீலம் பாய்ந்தது, கண் செருகியது, மூச்சுச் சத்தம் வாசல்வரை கேட்டது. ஜக்கையன் தெரிந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டான், அட்வான்ஸ் கட்டினால் பெட் தருவதாகச் சொன்னார்கள், அவர்கள் கேட்ட தொகை கணக்கில் இருந்த தொகைக்கு மேல் கொஞ்சம் ஏறத்தான் இருந்தது. ஆக்ஸிஜன் வண்டி வந்து வாசலில் நின்றது. மத்தியானம் வேலைக்குப் போகாதவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தவசி கட்டிலில் படுத்தபடி இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாலு ஆண்கள் இழுத்தும் பிடி விடவில்லை, இழுக்க இழுக்க மூச்சு மோசமானது, பயந்துபோய் விட்டுவிட்டார்கள்.

"மாமா, கைய விடு. வண்டி நிக்குது" என்றாள் ஒச்சம்மாள்.

"நான் வரல. இது என் வீடு. இங்கனயே கெடக்கேன்."

"செத்துருவ மாமா."

"சாவத்தான புள்ள வீடு கட்டுனது" என்றான் அவன், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீளமாக இழுத்து மூச்சு வாங்கியபடி. "எங்காத்தா ரோட்டுல கெடந்தா. நான் ரோட்டுல கெடக்க மாட்டேன். காசத் தொடாத. நான் உள்ள இருக்கற வரைக்கும் நீ தொட மாட்ட, எனக்குத் தெரியும்."

அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான், லைனுக்கே தெரிந்த விஷயம்தான். பாவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டது அநியாயம் இல்லை, அங்கே நின்ற ஒவ்வொருவரும் தனக்கென்று கேட்க நினைத்ததைத்தான் அவன் கேட்டான்.

ஒச்சம்மாள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து, சமையல்கட்டைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, நிலையைத் தாண்டி வாசலுக்கு வந்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கணக்கின் நம்பரை ஜக்கையன் சொல்லச் சொல்ல அடித்தாள். "உள்ள வச்சிருக்க சாமானெல்லாம் எடுத்துக்கங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பணத்தை அனுப்பினாள்.

உள்ளறையின் பின்சுவர் ஒரு சாண் முன்னால் வந்தது. ஜன்னலும் அதோடு வந்தது, கம்பியைப் பிடித்திருந்த தவசியும் கட்டிலோடு ஒரு சாண் நகர்ந்தான். "ஏய், வெளாடுறியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். அவள் இன்னும் கொஞ்சம் அனுப்பினாள். மொத்தமாக அனுப்பினால் வீடு ஒரே மூச்சில் அவன்மேல் மூடிக்கொள்ளும், எனவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் ரகசிய எண்ணை அடித்து அனுப்பினாள். தீபாவளி போனஸ் போனது, ஜன்னல் மங்கிச் சுவராகி அவன் பிடித்திருந்த கம்பி கைக்குள்ளேயே இல்லாமல் போனது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்கள் போயின, உள்ளறை போனது, கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தது, வாங்காத கறி போனது, ஏறாத ஆட்டோ போனது, போகாத திருவிழாக்கள் போயின, சமையல்கட்டு போனது. ஹாலுக்குள் புகுந்து ஜனங்கள் அரிசி மூட்டையையும் தையல் மிஷினையும் இழுத்துப் போட்டார்கள், இது என்னுது, அது உன்னுது என்று அந்த நேரத்திலும் ஒரு குடத்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஜக்கையன் டயரை உருட்டிக்கொண்டு ஓடினான், சுவர் பின்னாலேயே வந்தது, அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகப் பொலபொலவென்று உதிர்ந்தன.

தவசி இப்போது நிலையைப் பிடித்துக்கொண்டான். கட்டில் பாதி வாசலில், பாதி உள்ளே. அவனுக்குப் பின்னால் ஒரு முழ ஹால் மிச்சம். அவன் கோபமெல்லாம் போய்க் கெஞ்ச ஆரம்பித்திருந்தான்.

"ஒச்சு... கொஞ்சம் வையி. ஒரு செவுராவது வையி. தல சாய்க்க ஒரு செவுரு."

அவள் அழுதுகொண்டேதான் அனுப்பினாள். அது தாலிச் செயின் காசு. பின்னாலிருந்து காம்பவுண்டுச் சுவர் அதன் பழைய பாசியோடும் பழைய விரிசலோடும் வந்து அவன் முதுகைத் தள்ளியது, நிலையைப் பிடித்த கை நழுவியது, கட்டில் வாசலுக்கு வந்துவிட்டது, வண்டிக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவன் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். அப்படியும் பற்றாமல் போன மிச்சத் தொகைக்குப் பாவாத்தாள் தன் மடியை அவிழ்த்தாள், "அப்பறமா வாடகையோட சேத்திக் குடு, மொதல்ல நட கண்ணு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய் மிஷினில் மாட்டினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி அவன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவள் முகம் கடுத்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றாள், இப்போதும் உறுதி சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றாள். பிறகு ஒச்சம்மாளின் மஞ்சள் கயிற்றையும் வீங்கிய காலையும் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, "இவ்ளோ மோசமாகற வரைக்கும், இத்தன மாசமா இவர எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்லதாங்க" என்றாள் ஒச்சம்மாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு மாஸ்க்குக்குள் தவசி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். ஆறாத கோபத்தோடுதான் பார்த்தான், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வைதான் அது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இப்படியே பார்க்கட்டும் என்று அவளும் அவன் கண்ணெதிரிலேயே நின்றாள்.